ராய் சௌத்ரி: ஓவியமும் சிலையும் ஒரே ஆள் செய்ததா?

கரித்துண்டு:
மெரினா உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் நீர்வண்ண ஓவியங்களை இப்போதுதான் அச்சில் பார்க்கிறேன். பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி மலைநாட்டுப் பெண்கள், கரைந்துபோகும் விளிம்புகள். இவ்வளவு மென்மையாக வரைந்தவரா அந்த முதுகுகளையும் தொடைகளையும் செய்தார்? ஒரே மனிதருக்குள் இரண்டும் எப்படி வந்தன? நான் ஓவியம் மட்டும்தான் பழகுகிறேன், மண்ணைத் தொட்டதில்லை.

சுதைக்காரன்:
சிலை செய்வது என் தொழில். அவர்மேல் பிரியமும் அதிகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் காரணம், அவருக்கு இரண்டு வகைக் குருமார்கள். ஓவியம் கற்றது அவனீந்திரநாத் தாகூரிடம். அவருடைய வாஷ் என்ற நீர்வண்ண முறையில் வண்ணம் பூசிக் காயவிட்டு, தாளைத் தண்ணீரில் நனைத்து, மறுபடி பூசுவார்கள். ஒவ்வொரு நனைப்பிலும் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். நீங்கள் பார்த்த பனிமூட்டம் அப்படி வந்ததுதான். சிலை கற்றதோ லண்டனில் படித்துவந்த ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம். அங்கே எலும்பு எங்கே, தசை எங்கே என்று தெரியாமல் ஒரு விரலைக்கூடச் செய்ய முடியாது. பிரெஞ்சுச் சிற்பி ரோதினின் தாக்கமும் அவர் சிலைகளில் தெளிவாகவே தெரியும்.

இரண்டாவது, அவர் உடம்பு. மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்குப் போனவர். புல்லாங்குழலும் வாசிப்பார், வங்காளியில் கதையும் எழுதினார். பாரத்தைத் தள்ளும்போது எந்தத் தசை இறுகும், எது தளர்ந்தே இருக்கும் என்பது மல்யுத்தம் செய்தவனுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும்.

அடுத்த தடவை உழைப்பாளர் சிலைக்குப் போனால் முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுற்றி வாருங்கள். நாலு பேரின் கால்களை மட்டும் பாருங்கள். பாறையை நெம்பும் வேகம் குதிகாலில் தொடங்கி, கெண்டைக்கால், இடுப்பு, முதுகு என்று மேலே ஏறுகிறது. முகத்தை மறைத்துவிட்டாலும் பாறை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். களிமண்ணில் கைவைத்து அழுத்திய வேகம் வெண்கலமாக வார்த்த பிறகும் அப்படியே நிற்கிறது. 1959-இல் நிறுவியது.

இனி உங்கள் கேள்வி. கை வேறு வேறாகத் தெரிந்தாலும் கண் ஒன்றுதான் என்பது என் கருத்து. அவருடைய ஓவிய குரு அவனீந்திரநாத்தின் வட்டத்தில் பலர் புராணத்தையும் பழைய காவியங்களையும் வரைந்துகொண்டிருந்தார்கள். இவரை இழுத்தது எதிரே நின்ற மனிதர்கள். லெப்ச்சா என்ற மலைப் பழங்குடிப் பெண்கள், கூலியாட்கள், பசியால் வாடியவர்கள். 1943 வங்கப் பஞ்சத்தின் வலி அவருடைய ‘பசியின் பலிகள்’ சிலையில் இருக்கிறது. பாட்னாவில், 1942-இல் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு இளைஞர்களுக்கான நினைவுச் சின்னமும் அவர் செய்ததே.

எழும்பூர்வாசி:
எல்லாம் சரி, ஆனால் அவரைத் தாண்டிப் போனவர்களையும் சொல்ல வேண்டும் ஐயா. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவரிடம் படித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அடுத்த முதல்வராகி, 1966-இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். தனபாலும் இவர் மாணவரே. ஓவியராகத் தொடங்கிச் சிற்பத்துக்கு வந்தவர். இந்த இருவருமே குருவின் அந்தத் தசை யதார்த்தத்தை விட்டு விலகினார்கள். எனக்கு அவர்கள்தான் நெருக்கம்.

சுதைக்காரன்:
நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தனபால் செய்த பெரியார் தலையைப் பாருங்கள். தாடியிலும் நெற்றியிலும் மண்ணை அள்ளி வைத்த விதத்தில் குருவிடம் கற்ற துணிச்சல் இருக்கிறது. விலகிப் போவதற்கும் முதலில் அந்தப் பயிற்சி வேண்டியிருந்தது.

கரித்துண்டு தம்பிக்கு: ஓவியத்தை விட வேண்டாம். ஒரு பிடி களிமண் வாங்கி உங்கள் இடது பாதத்தையே பார்த்துச் செய்யுங்கள். சிறிதாகச் செய்தால் உள்ளே கம்பிகூட வேண்டாம். ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் மறுநாளும் தொடரலாம். முடிந்ததும் அதே பாதத்தை வரைந்து இங்கே போடுங்கள். கணுக்கால் எலும்பு உள்பக்கம் மேலேயும் வெளிப்பக்கம் கீழேயும் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.