பட்டறை வேக்குவத்தில் பட்ட பாடு: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி மரப்பட்டறை:
2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நான் பட்டறைக்குள் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். ஆற்றுத் தண்ணீர் இல்லை, தெருக் கால்வாய் எதிர்த்து உள்ளே வந்துவிட்டது. 30 லிட்டர் தொட்டி வைத்த வேக்குவம், அதாவது தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று இருந்தது, அதுவரை மரத்தூளுக்கு மட்டும்தான் ஓட்டியிருந்தேன். 'வெட் அண்ட் டிரை' (ஈரம், உலர்ந்தது இரண்டையும் இழுக்கும்) என்று மேலேயே எழுதியிருக்கிறதே என்று குழாயை அப்படியே தண்ணீரில் விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் இழுவை செத்துப்போனது. திறந்து பார்த்தால் காகித ஃபில்டர் ஊறி, தேக்குத்தூளோடு சேர்ந்து களி மாதிரி கிடக்கிறது. தண்ணீருக்கு அதைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் உறையை மாட்ட வேண்டுமாம். அந்த உறை மெஷினோடுதான் வந்தது. பேக்கிங் சாமான் என்று நினைத்து மூலையில் எறிந்த புண்ணியவான் நானே.

சரி, மாட்டி மறுபடி ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் கீச்சென்று ஏறியது. தொட்டி நிரம்பினால் உள்ளே இருக்கும் மிதவை மேலேறி காற்று வழியை அடைத்துவிடும். இழுக்கக் காற்று இல்லாமல் மோட்டார் வேகம் எகிறும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட்டியில் கை வைக்க வேண்டும். நான் ஓடிக்கொண்டிருந்த மெஷினை வாசல் பக்கம் இழுத்தேன். நிரம்பிய தொட்டி சும்மா 25 கிலோவாவது இருக்கும். முரட்டு இழுப்பில் ஸ்டூல் மேலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தண்ணீரில் விழுந்தது. டக்கென்று மெயின் இறங்கியது.

காப்பாற்றியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் உடனே மெயினை அணைக்கும் சுவிட்ச். நைனா காலத்து வயரிங்கை மாற்றியபோது எலக்ட்ரீஷியன் பிடிவாதமாகப் போட்டது. "எதுக்குப்பா இந்த தண்டச் செலவு" என்று அவரிடம் சண்டை போட்டிருந்தேன். இப்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவரில் ஆள் உயரத்தில், ஆணியில் தொங்குகிறது.

ராணிப்பேட்டை வாட்டர் சர்வீஸ்:
அண்ணே, மிதவையை ரொம்ப நம்பாதீங்க. கார் சீட்டில் ஷாம்பு போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே உறிஞ்சினோம். நுரைக்கு மிதவை எழும்பாது. காற்று வெளியே வரும் துளையில் நுரை பொங்கி வந்த பிறகுதான் கவனித்தோம். மோட்டார் காயில் போச்சு. இப்போது நுரையைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் மெஷின்.

ஆம்பூர் ஷூ யூனிட்:
எங்களிடம் அடிப்பாகம் ஒட்டும் மேஜையில் சொல்யூஷன் (சட்டென்று தீப்பிடிக்கும் பசை) டப்பா கவிழ்ந்தது. புதுப் பையன் வேக்குவத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான், தரை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆர்வம். மேஸ்திரி போட்ட சத்தத்தில் தையல் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விட்டுக்கொண்டே இருக்கும், சொல்யூஷன் ஆவி அதன் வழியாகப் போனால் தொட்டியே வெடிக்கும். பெட்ரோல், தின்னர் எல்லாவற்றுக்கும் இதே கதை. ஜன்னலைத் திறந்து, மணல் கொட்டி அள்ளினோம். பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, பாவம்.

காட்பாடி:
சார், மரத்தூள் உறிஞ்சும்போது குழாயைப் பிடித்தால் சுரீர் என்கிறது. கரண்ட் லீக்கா?

சத்துவாச்சாரி மரப்பட்டறை:
தம்பி, ஒரு தடவை சுரீர் என்று விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தால் அது உலர்ந்த தூள் பிளாஸ்டிக் குழாயில் உரசி ஏறும் மின்சாரம். நம்ம ஊர் மே மாத வெயிலில் எனக்கும் அடிக்கும். விடாமல் கூசினால் உடனே பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மூன்று பின் பிளக்கா, எர்த் பின்னை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.