மெரோபெனம் மூன்று வேளை, அமிகாசின் ஒரே வேளை: ஏன் இப்படி?

பள்ளத்தூர்க்காரி:
அப்பத்தாவுக்குச் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி ரத்தத்திலும் பரவிவிட்டது. காரைக்குடியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். மெரோபெனம், அமிகாசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள் கொடுக்கிறார்கள். மெரோபெனம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் 3 மணி நேரம் ஏறுகிறது. அமிகாசின் மட்டும் நாளைக்கு ஒரே ஊசி; அதற்கு முன்னால் ரத்தம் வேறு எடுக்கிறார்கள். நடுராத்திரி டோஸுக்கு அப்பத்தா விழித்துக்கொள்வதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. அதைக் காலையில் இரண்டு மடங்காகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாதா?

தேவகோட்டை மருந்தாளுநர்:
வேண்டாம்மா, தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். பென்சிலின், மெரோபெனம் வகை மருந்துகளுக்கு ரத்தத்தில் அளவு எவ்வளவு உயரம் போனது என்பது பெரிதில்லை. கிருமி வளராமல் தடுக்க ஒரு அளவு வேண்டும். அதற்கு மேல் எத்தனை மணி நேரம் மருந்து நின்றது என்பதுதான் கணக்கு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மெரோபெனம் சுமார் 1 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே டோஸை இரட்டித்தாலும் கூடுதலாகக் கிடைப்பது அந்த 1 மணி நேரம்தான். ராத்திரி முழுக்கக் கிருமிக்குத் திறந்த வீடாகிவிடும். மெதுவாக ஏற்றுவதும் அளவைத் தாக்குப்பிடிக்க வைக்கத்தான்.

அமிகாசின் நேர் எதிர். உச்சம் உயர உயர வேகமாகக் கொல்லும். அளவு இறங்கிய பிறகும் கிருமி சிறிது நேரம் தலைதூக்காது. ஆனால் மருந்து உடம்பில் தேங்கினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். அடுத்த ஊசிக்கு முன் போதுமான அளவு இறங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் அந்த ரத்தம். மறக்காமல் எடுக்கிறார்களே, அது நல்ல கவனிப்பு.

பள்ளத்தூர்க்காரி:
சரி அண்ணே, புரிகிறது. அப்படியென்றால் மெரோபெனத்தை 24 மணி நேரமும் விடாமல் ஏற்றலாமே?

தேவகோட்டை மருந்தாளுநர்:
சில இடங்களில் ஏற்றுகிறார்கள். 2024இல் வெளிவந்த பிளிங் 3 ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) நோயாளிகள் சுமார் 7,000 பேரைப் பார்த்தார்கள். 90 நாளில் இறந்தவர்கள் விடாமல் ஏற்றியதில் 24.9%, விட்டுவிட்டு ஏற்றியதில் 26.8%. நன்மை இருக்கலாம், ஆனால் அந்த வித்தியாசத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தவிர, கரைத்த மெரோபெனம் நம் ஊர்ச் சூட்டில் வீரியம் இழக்கும், அடிக்கடி புதிதாகக் கரைக்க வேண்டும். 3 மணி நேரம் ஏற்றுவது நல்ல வழிதான்.

கண்டனூர் நர்ஸ்:
ராத்திரி டோஸுக்கு எழுப்பவே வேண்டாம்மா. கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் குத்திவைத்த சின்னக் குழாய், இருக்கிறதே, தூக்கத்திலேயே மாட்டிவிடலாம். விளக்கைப் போடாமல் செய்யச் சொல்லி டியூட்டி சிஸ்டரிடம் கேளுங்கள். அப்புறம், அப்பத்தாவுக்குக் காதில் இரைச்சல், தலைசுற்றல் வந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ காலை ரவுண்டு வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறினால் இரண்டு மருந்துக்குமே அளவையோ இடைவெளியையோ அவர் மாற்றுவார்.