நாச்சியார் எந்தத் திணை?

வாட்ஸ்அப் குழு: சிந்துபூந்துறை வீடு
சனிக்கிழமை

சங்கரி (காலை 6:12): நாச்சியார் போயிட்டா. ராத்திரி மூணு மணி இருக்கும். ஆச்சி மடியிலதான்.

மல்லிகா (6:31): ஐயோ!! எப்ப எடுக்காவ? நானும் மாமாவும் ஏழேகால் பஸ்ஸுக்குக் கெளம்புதோம்

மல்லிகா: நேரா கடையநல்லூர் வந்திரவா, இல்ல ஆஸ்பத்திரியிலயா இருக்கு?

சங்கரி: அத்தை!! கடையநல்லூர் ஆச்சி இல்ல. நம்ம பூனை.

மல்லிகா: ஏட்டி, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. ரெண்டு பேருக்குப் போன் வேற போட்டுட்டேன்

மல்லிகா: மாமா வெள்ளை வேட்டி கட்டிட்டு நிக்காவ

குமார்: சித்தி இப்பதான் எனக்கு ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புனாவ. நல்லா இருக்காவ.

ஆச்சி (குரல் பதிவு, சங்கரி எழுதியது): வாசல்ல ஒரு தாள் எழுதி ஒட்டணும். பால்காரன் கேப்பான். எதுத்த வீட்டுப் பிள்ளைய கேக்கும். சாளைக்காரி வந்து "நாச்சி எங்க"ன்னு கூப்பாடு போடுவா. ஒவ்வொருத்தருக்கும் வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. மனுசருக்கு ஒட்டுத மாதிரியே ஒட்டு. போட்டோ வேணும்.

குமார்: அம்மா, பூனைக்குக் கண்ணீர் அஞ்சலியா? தெருவே சிரிக்கும்.

ஆச்சி (குரல் பதிவு): சிரிக்கட்டும்.

சங்கரி (7:40): எழுதிட்டேன், பாருங்க.

கண்ணீர் அஞ்சலி
தோற்றம்: 2011 ஐப்பசி. மறைவு: 2025 ஆவணி
எங்கள் பாசமிகு நாச்சியார் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்து கொள்கிறோம்.

வாத்தியார் தாத்தா: "தெரிவித்துக் கொள்கிறோம்". 'க்' விட்டுப்போயிற்று.

வாத்தியார் தாத்தா: அது போகட்டும். பூனை அஃறிணை. "நாச்சியார் இறந்தது" என்றுதான் முடிய வேண்டும். "எய்தினார்" என்றால் திணை வழு.

சங்கரி: தாத்தா, இப்பவா?

வாத்தியார் தாத்தா: வாசலில் ஒட்டப்போகிறாய் அம்மா. நாலு பேர் படிப்பார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள்.

குமார்: திணைய விடுங்க மாமா, நம்ம வீட்ல பாலே தப்பாத்தான் போச்சு. மொத ஒரு வருசம் அது பேரு சுடலைமுத்து 😂

மல்லிகா: ஆமா! பீரோவுக்கு அடியில மூணு குட்டி போட்ட அன்னைக்குத்தான பேரை மாத்துனோம்

சங்கரி: வெள்ளை, கறுப்பு, செவலைன்னு மூணு நெறம் இருந்தாலே அநேகமா பெட்டைதான் சித்தப்பா. செவலை நெறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. அந்த நெறமும் கறுப்பும் சேந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும். கடுவன் அப்படி வாரது ரொம்ப அபூர்வம்.

குமார்: 2011ல நீ ஒண்ணாங்கிளாஸ்ட்டி. யாரு சொல்லுவா எங்களுக்கு

கதிர்: தாத்தா ஒரு டவுட்

கதிர்: எங்க பத்தாம் வகுப்பு தமிழ் புக்ல வழுவமைதின்னு இருக்கே. மாட்டைப் பாத்து "என் அம்மை வந்தாள்"னு சொன்னா தப்பு இல்ல, பிரியத்துல சொல்லுததுனால அமைதின்னு. மாட்டுக்கு உண்டுன்னா பூனைக்கு ஏன் கெடையாது?

சங்கரி: ஏலேய் கதிரு 🔥

மல்லிகா: தாத்தா ரொம்ப நேரமா டைப்பிங்னு காட்டுது

வாத்தியார் தாத்தா (8:09): "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." நன்னூல். நாற்பது வருடம் நடத்திய சூத்திரம். பையன் சொல்வது சரி.

வாத்தியார் தாத்தா: "எய்தினாள்" என்று போடு. "அவர்கள்" வேண்டாம். உவப்புக்கு ஒருமை போதும்.

கதிர்: ஒரு மார்க் கேள்வி இன்னைக்குத்தான் ஒதவிருக்கு

வாத்தியார் தாத்தா: கீழே கம்பனின் அவையடக்கப் பாட்டு ஒன்றையும் சேர்க்கலாம். பாற்கடலை முழுக்க நக்கிவிடப் போன பூசை. பூசை என்றால் பூனை.

ஆச்சி (குரல் பதிவு): எலே தம்பி, நாச்சி பாலத் தொட்டதே கெடையாது. வச்சா மோந்து பாத்துட்டுப் போயிருவா. கடலக் கொண்டாந்து வச்சாலும் போயிருவா.

சங்கரி: அதுவும் நல்லதுதான் தாத்தா. வளந்த பூனை முக்காவாசிக்குப் பாலு செரிக்காது.

குமார்: சரி, வெள்ளத்தைப் பத்தி ஒரு வரி போடுங்க. 2023 டிசம்பர்ல வீட்டுக்குள்ள ஆத்துத் தண்ணி வந்தப்ப எல்லாரையும் எழுப்பி உசுரக் காப்பாத்துனது அதுதான

ஆச்சி (குரல் பதிவு): பொய் எழுதாத. அவ யாரையும் எழுப்பல. தான் பொழைக்கப் பரண்ல ஏறிட்டா. அங்கன இருந்து பசிக்குன்னு கத்துனா. என்ன சனியனோன்னு கட்டில்ல இருந்து காலக் கீழ வச்சேன், கெண்டைக்கால் வரைக்கும் தண்ணி. அம்புட்டுதான் நடந்தது.

கதிர்: ஆச்சி 😭😂

மல்லிகா: கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாளா சங்கரி?

சங்கரி (8:47): வைகாசியில இருந்தே தண்ணி தண்ணியாக் குடிச்சா அத்தை. குளிக்கிற வாளி விளிம்புல முன்னங்கால் ரெண்டையும் வச்சு, உள்ள தலைய விட்டுக் குடிப்பா. நாங்க வெயிலுக்குன்னு நெனச்சோம். விலங்கியல் படிக்கேன், எனக்கே ஒறைக்கல. ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போனப்ப எடை ரெண்டரைக் கிலோ. முன்னால நாலு இருந்தா. ரத்தம் எடுத்துப் பாத்து கிட்னின்னு சொன்னாவ. வயசான பூனைக்கு வாரதுதான், சரியாக்க முடியாது, கொஞ்ச நாள் சொகமா வச்சுக்கலாம்னாவ. தோலுக்கடியில சலைன் ஏத்த எனக்கே சொல்லிக் குடுத்தாவ. துணி காயப்போடுத கொடியில பாட்டிலத் தொங்கவிட்டு, தோள்பட்டைத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியச் சொருகணும். ஆச்சி பிடிச்சுக்கிடுவா. தண்ணி எறங்க எறங்க அங்கன எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கும். எந்திரிச்சு நடந்தா அது ஒரு பக்கமாச் சரியும். ஆச்சி அதுக்குச் சிரிப்பா, "நாச்சிக்குத் திமில் மொளைச்சிருக்கு"ன்னு. நேத்து ஊசி போடுதப்ப அவ திரும்பியே பாக்கல. அப்பமே தெரிஞ்சு போச்சு.

குமார்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ

சங்கரி: நீங்க கேக்கல சித்தப்பா

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார்: ஃபிளக்ஸா அடிச்சிருங்க. பணம் ஜிபே பண்ணுதேன்.

ஆச்சி (குரல் பதிவு): ஃபிளக்ஸ் வேண்டாம். அவ ஒரு மொழம் இருப்பா. அவளுக்கு ஆறடிப் படமா?

மல்லிகா: எங்கன பொதைச்சீய?

சங்கரி: நாரத்தை மரத்தடியில. மூணடி ஆழம், நாய் தோண்டாம இருக்க மேல அம்மிக்கல்லு.

சங்கரி (9:30): கடைசியா இது. இனி யாரும் எதும் சொல்லாதீங்க, கடையில பிரிண்ட் எடுக்கப் போறேன்.

கண்ணீர் அஞ்சலி
தோற்றம்: 2011 ஐப்பசி. மறைவு: 2025 ஆவணி
எங்கள் வீட்டு நாச்சியார் நேற்று இரவு இயற்கை எய்தினாள். ஏழு குட்டிகளுக்குத் தாய். பால் குடிக்க மாட்டாள். மத்தி மீன் மட்டும் தின்பாள். வெள்ளத்தின்போது பரண் மேல் இருந்தாள். விசாரிக்க வருகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளவும். ஆச்சியிடம் கேட்க வேண்டாம்.
இப்படிக்கு: ஆச்சி, மகன், மகள், பேரன், பேத்தி

வாத்தியார் தாத்தா: "குட்டி" சரி. தொல்காப்பியர் வெருகுக்கு அதைத்தான் சொல்கிறார். வெருகும் பூனைதான். பிழை ஏதும் இல்லை.

மல்லிகா: மாமா படிச்சிட்டு ஒண்ணும் பேசல. வேட்டிய இன்னும் மாத்தல. ஏழேகால் பஸ்ஸ விட்டாச்சு, பத்தே காலுக்கு வாரோம்.

சங்கரி (11:20): ஒட்டியாச்சு. ஆனா ஒரு பிரச்சனை.

சங்கரி: சாளைக்காரம்மா வந்தாவ. எழுத்துக் கூட்ட வராது, என்னைய வாசிக்கச் சொன்னாவ. ரெண்டு தடவை வாசிச்சேன். மொதல்ல "மத்தியா? நான் என்னைக்குட்டி மத்தி வித்தேன், சாளைன்னு எழுது"ன்னாவ. ரெண்டும் ஒரே மீனுதான்னு சொன்னேன், கேக்கல.

சங்கரி: அப்புறம், "பதினாலு வருசமா காசு வாங்காம தெனம் ஒரு மீன் போட்டிருக்கேன். கீழ எல்லாரு பேரும் இருக்கு, எம்பேரு எங்க?"ன்னு கேட்டுட்டு வாசப்படியிலயே உக்காந்துட்டாவ. கூடை பக்கத்துல இருக்கு. ஆச்சியும் வெளிய வந்து பக்கத்துல உக்காந்துட்டா.

குமார்: அவங்க பேரு என்ன?

மல்லிகா: சாளைக்காரின்னுதான தெரியும். அம்மாட்ட கேளு

சங்கரி: ஆச்சிக்கும் தெரியாது. இப்பதான் கேட்டா. கோமதியாம்.

வாத்தியார் தாத்தா: "இப்படிக்கு" என்பதற்கு நேராக முதல் பெயராகப் போடு.

சங்கரி: சரி தாத்தா. மறுபடியும் கடைக்குப் போறேன். யாராச்சும் பத்து ரூவா ஜிபே பண்ணுங்க.