அலுவலகம் வருபவருக்குத் தனிப்படி கொடுப்பது நியாயமா?

மருத்துவக் கருவிகளுக்கான மென்பொருள் தயாரிக்கும் குழு ஒன்றுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மொத்தம் பதினோரு பேர். நால்வர் சோதனைப் பிரிவு. கருவியைக் கையால் தொட்டு, வடத்தைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தால்தான் அவர்கள் வேலை நடக்கும்; வீட்டிலிருந்து செய்யும் பேச்சுக்கே இடமில்லை. மற்ற ஏழு பேரும் நிரல் எழுதுபவர்கள், அலுவலகப் பக்கம் வருவதே அபூர்வம்.

ஊதிய உயர்வு நெருங்குகிறது. சோதனைப் பிரிவினர் நால்வரும் சேர்ந்து வந்து, பயணச் செலவுக்கும் அதில் போகும் நேரத்துக்கும் தனிப்படி கேட்டார்கள். செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. மறுநாளே நிரலாளர் ஒருவர், "அப்படியானால் என் மின்கட்டணத்தை யார் தருவது? போகட்டும், சென்ற ஆண்டு பதவி உயர்வு பெற்ற இருவரும் உங்கள் அறைக்கு எதிரில் உட்காருபவர்கள்தானே?" என்று எழுதியிருந்தார். அந்த இருவரும் தகுதியானவர்கள்தாம், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அவர்களுக்கு இணையான ஒருவர் வீட்டில் இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருப்பாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

படி கொடுக்கலாமா? கொடுத்தால் எந்தக் கணக்கில்?

பதில் (வீட்டிலிருந்து வேலை செய்பவர்)

தாராளமாகக் கொடுங்கள். அலுவலகம் வந்தே ஆகவேண்டும் என்பது வேலையின் தேவை. அதன் செலவை நிறுவனம் ஏற்பதில் தவறென்ன? ஆனால் அதை ஈடுகட்ட எங்கள் ஊதியத்தில் கை வைக்காதீர்கள். "நீங்கள் வீட்டில் சௌகரியமாக இருக்கிறீர்கள்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தச் சௌகரியத்துக்கு நன்றிக்கடனாகத்தானோ என்னவோ, உணவு இடைவேளையிலும் செய்தி வந்த நொடியே பதில் போடுகிறோம். செய்திச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சை விளக்கு அணைந்தால் தூங்குகிறான் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம்.

பதில் (ஆய்வகத்தில் வேலை செய்பவர்)

ஐயா, உங்கள் நால்வர் வாய்விட்டுச் சொல்லாததை நான் சொல்கிறேன். பயணம் பெரிய குறை இல்லை. கூரியர் வந்தால் கையெழுத்துப் போடுவது யார்? சேவையகம் நின்றுபோனால் எழுந்துபோய் மறுபடி இயக்குவது யார்? விருந்தினருக்குக் கருவியை இயக்கிக் காட்டுவது யார்? "அங்கேதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு செய்தி வரும், அரைநாள் போய்விடும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு வரிகூட இருக்காது. எங்கள் பிரிவிலும் படி கொடுத்தார்கள். கொடுத்த பிறகு, "அதற்குத்தானே படி வாங்குகிறீர்கள்" என்று எடுபிடி வேலை இரட்டிப்பாகிவிட்டது!

எனவே முதலில் பயணச் செலவையும் இந்தச் சில்லறை வேலைகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள். செலவுக்குப் பணம் கொடுங்கள். வேலையை வேலைப் பட்டியலில் ஏற்றுங்கள், யார் கேட்டார் என்ற பெயரோடு. அந்தப் பெயர் ஏறினாலே பாதிக் கோரிக்கைகள் நின்றுவிடும்.

பதில் (மனிதவளத் துறையில் இருப்பவர்)

பதவி உயர்வு பற்றி உங்கள் நிரலாளர் கேட்டதை வெறும் புலம்பலாகத் தள்ளிவிடாதீர்கள். பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவன அழைப்பு மையத்தில் ஒன்பது மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் ஒரே அளவு திறன் காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது குறைவு. எத்தனை அழைப்பு என்று எண்ணிவிடக்கூடிய வேலையிலேயே இந்த நிலை. அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்து நடத்திய பிந்தைய ஆய்வு 2024இல் வந்தது; அதில் பதவி உயர்வில் வேறுபாடு தெரியவில்லை. அரிதாக முகம் காட்டுபவர்தான் மறக்கப்படுகிறார் போலும். அதற்காக எல்லோரையும் அலுவலகத்துக்கு இழுத்துவரச் சொல்லவில்லை. பதவி உயர்வுக்கு யாராவது பரிந்துரைக்கட்டும் என்று காத்திருக்காமல், தகுதிக்காலம் முடிந்த எல்லோர் கோப்பையும் கட்டாயம் மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஒதுக்குவதானால் காரணத்தை எழுதி ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பயணச் செலவைத் தனிப்படியாக, ஊதிய உயர்வுக் கணக்கில் சேர்க்காமல் கேட்கப் போகிறேன். மேலிடம் தலையாட்டுமா என்பது அடுத்த வாரம் தெரியும். சில்லறை வேலைகளுக்கான பட்டியலை இன்றே திறந்துவிட்டேன். முதல் பதிவு, கூட்ட அறைத் திரையைச் சரிசெய்தது. கேட்டவர் பெயர் என்ற இடத்தில் இருப்பது நான்தான்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. சோதனைப் பிரிவினர் இழக்கும் பயண நேரத்தைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. அறிக்கை எழுதும் நாள்களிலாவது அவர்களை வீட்டில் இருக்கவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்து பார்த்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? அன்று கருவி பழுதானால் யார் ஓடினீர்கள்?