திருவாதிரை மங்கினால் வெடிக்கப் போகிறது என்று அர்த்தமா? மாடியிலிருந்தே அளக்க முடியுமா?

அடையாறு மாடி:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்மீன்களின் வாழ்வும் முடிவும் பற்றி பிப்ரவரியில் சில மாலைகள் வகுப்பு எடுக்கிறோம். இடம் அடையாற்றில் ஒரு மொட்டைமாடி. டெலஸ்கோப் கிடையாது, 10×50 பைனாகுலர் ஒன்று உண்டு. இரண்டு கேள்விகள். 2019 கடைசியில் மங்கிய மாதிரி திருவாதிரை (பீட்டல்ஜூஸ்) மறுபடி மங்கினால், அதை வெடிப்புக்கு முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளலாமா? அதன் பிரகாசத்தை வெறும் கண்ணால் நம்பகமாக அளக்க வழி உண்டா? "போன வாரத்தைவிட மங்கல்" என்று ஒரு பிள்ளை சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது?

நியூட்ரினோ:
முதல் கேள்விக்கு பதில்: கூடாது. மங்குவது மேற்பரப்பில் நடக்கிற சங்கதி, சாவு நடப்பது மையத்தில். நடுவில் ஏறத்தாழ 50 கோடி கிலோமீட்டர் வாயு இருக்கிறது.

வழக்கமாக 0.5 பக்கம் இருக்கும் அதன் மேக்னிட்யூட் (பிரகாசத்தைக் குறிக்கும் எண்) 2020 பிப்ரவரியில் 1.6 வரை போனது. எண் கூடினால் ஒளி குறைகிறது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். அந்த விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நம் பார்வைக்கு நேரே வந்து மறைத்ததுதான் முக்கியக் காரணம். ஓரிரு மாதங்களில் பழையபடி ஆகிவிட்டது.

மையத்தில் இப்போது எரிவது பெரும்பாலும் ஹீலியம். அது தீர்ந்தபின் வேகம் பிடிக்கும்: கார்பன் சில நூறு ஆண்டுகள், நியான் ஓராண்டு அளவில், ஆக்சிஜன் சில மாதங்கள், சிலிக்கான் ஒரு சில நாட்கள். மிஞ்சுவது இரும்பு. இரும்பு அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது. அந்த இரும்பு மையம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறையை எட்டியதும் எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்க முடியாமல் போய், ஒரு நொடிக்குள் நொறுங்கும். அந்த எல்லைக்கு அடிப்படையான கணக்கை 1930இல் போட்டவர் நம் மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர். சென்னை வகுப்பில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

"எப்போதோ வெடித்திருக்கும், ஒளிதான் இன்னும் வரவில்லை" என்ற பேச்சும் வரும். தூரம் சுமார் 550 முதல் 700 ஒளியாண்டு. மிச்ச ஆயுள் ஒரு லட்சம் ஆண்டு அளவில் என்று கணிக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

உண்மையான முன்னறிவிப்பு நியூட்ரினோதான் (எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் நுண்துகள்). 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த விண்மீனின் (சூப்பர்நோவா) ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே ஜப்பான், அமெரிக்கா, ரஷ்யா மூன்றிலும் இருந்த கருவிகள் இருபத்துச் சொச்சம் நியூட்ரினோக்களைப் பிடித்தன. நொறுங்கும் ஆற்றலில் 99 சதவீதம் அவற்றோடுதான் போகிறது.

இன்னொன்று: எல்லா விண்மீனும் வெடிக்காது. பிறக்கும்போது சூரியனைப்போல் சுமார் 8 மடங்குக்குக் குறைவான நிறை இருந்தால், வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டு வெண்குள்ளனாக (மிஞ்சிய சிறிய, அடர்ந்த மையம்) முடியும். அதே வானத்தில் ரோகிணி அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது.

மாறுவிண்மீன் ரசிகை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அளக்கலாம், நிதானமாகப் பார்த்தால் 0.2 அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். நினைவை நம்பி "போன வாரம்" என்று ஒப்பிடக் கூடாது. அன்றைய வானத்திலேயே இரண்டு விண்மீன்களுக்கு நடுவில் பொருத்த வேண்டும். புரோசியான் 0.4, ரோகிணி 0.9, புனர்பூசத்தின் போலக்ஸ் 1.1, பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரையைவிடப் பிரகாசமானது ஒன்று, மங்கலானது ஒன்று எடுங்கள். இடைவெளியை ஐந்து பங்காக மனதில் பிரியுங்கள். புரோசியானிலிருந்து ரோகிணியை நோக்கி இரண்டு பங்கு இறங்கினால் 0.6. ரைஜலோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். பக்கத்தில் இருப்பதால் எல்லோரும் அதையே எடுப்பார்கள். அது நீலம், இது சிவப்பு, கண் தடுமாறும். ரோகிணி ஆரஞ்சு என்பதால் நன்றாக ஒத்துப்போகும்.

அதிகம் தப்பு நடப்பது முறைத்துப் பார்ப்பதில்தான். சிவப்பு விண்மீனை உற்று நோக்க நோக்க அது கண்ணுக்குப் பிரகாசமாகிக்கொண்டே போகும். ஓரிரு நொடிப் பார்வை, உடனே அடுத்ததற்குத் தாவல், மறுபடி திரும்பல். பைனாகுலரில் ஃபோகஸைச் சற்றுக் கலைத்து, புள்ளிகளை வட்டுகளாக்கினால் ஒப்பிடுவது இன்னும் சுலபம்.

அடுத்தது உயரம். 30 பாகைக்குக் கீழே இருக்கும் எதையும் பயன்படுத்த வேண்டாம். கடலோர ஈரப்பதமும் புகையும் அங்கே ஒளியை நன்றாகத் தின்றுவிடும். பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணி வாக்கில் சென்னையில் திருவாதிரை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 84 பாகை உயரத்துக்கு வந்துவிடும். நின்றபடி பார்த்தால் கழுத்து வலிக்கும், பாய் விரித்துப் படுக்க வையுங்கள். தெருவிளக்கு நேரே கண்ணில் படாத மூலையாகப் பாருங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக எழுதட்டும், சத்தமாகச் சொல்லக் கூடாது. முதலில் சொன்ன எண்ணின் பக்கமே மற்றவர்கள் சாய்வார்கள். ஒப்பிட்ட விண்மீன்களின் பெயர், தேதி, நேரம் மூன்றும் இல்லாத குறிப்பு பயன்படாது. ஏ.ஏ.வி.எஸ்.ஓ. (மாறுவிண்மீன் நோக்குவோரின் அமெரிக்கச் சங்கம்) தளத்துக்கு அனுப்புவதானால் உலக நேரம் வேண்டும்: நம் நேரத்திலிருந்து 5.30 கழியுங்கள், இரவு 9.00 என்பது 15.30.

அடையாறு மாடி:
மிக்க நன்றி. பெயர்ப் பொருத்தம் பார்த்து மார்கழித் திருவாதிரை அன்றே முதல் அளவை எடுக்க வைக்கலாமா?

மாறுவிண்மீன் ரசிகை:
அன்று மட்டும் வேண்டாங்க. அது நிலா திருவாதிரையின் பக்கம் வருகிற நாள், அதுவும் பௌர்ணமியை ஒட்டி. சுற்றிலும் வானம் வெளுத்துப்போய் எந்த ஒப்பீடும் சரியாக வராது. ஆறேழு நாள் போகட்டும். அப்போது நிலா நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும், இரவு 10 மணிக்குத் திருவாதிரை நல்ல உயரத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழை மேகமும் பெரும்பாலும் அதற்குள் விலகியிருக்கும். அங்கே தொடங்கி வாரம் ஒரு அளவு, மார்ச் கடைசி வரை எடுங்கள். அதன் முக்கியத் துடிப்பு (விரிந்து சுருங்கி ஒளி மாறுவது) ஒருமுறை முடியவே 400 நாள் அளவில் ஆகும், அதனால் தினமும் பார்ப்பதில் பயனில்லை.