உப்புத்தண்ணி மீன் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? – புதுப்பிப்பு

போன தடவ கேட்டிருந்தேன்ல, காரைக்குடி வீட்ல வைக்கப்போற கடல்மீன் தொட்டிக்கு கிச்சன் ஆர்ஓ தண்ணியே போதுமான்னு. அது போதாதுன்னு தனியா ஆர்ஓ-டிஐ (ஆர்ஓ-ல தப்பி வர்ற மிச்ச உப்பையும் ரெசின்ங்கிற குட்டி மணிகள்ல பிடிச்சு எடுக்குற ஃபில்டர்) வாங்கியாச்சு. கிச்சன் மெஷின்ல குடிக்க ருசியா இருக்கணும்னு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்க உப்போட அளவு) கண்ட்ரோலர் வச்சு, ஆர்ஓ-ல போகாத தண்ணிய கொஞ்சம் திரும்ப கலந்து விட்டுர்றாங்க, நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரு, டிடிஎஸ் மீட்டர்ல 0 காட்டணும், இல்லன்னா நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட்னு எதாச்சும் உள்ள போயி கண்ணாடி பூரா பாசிதான்.

மாடி டேங்க்லேர்ந்து தானா இறங்குற பிரஷர் ஆர்ஓ மெம்பரேனுக்கு (உப்ப வடிகட்டுற சவ்வு) பத்தல, சொட்டு சொட்டாத்தான் வந்துச்சு, பூஸ்டர் பம்ப் போட்டப்புறம்தான் ஓடுது. 1 லிட்டர் நல்ல தண்ணிக்கு 3, 4 லிட்டர் வேஸ்ட்டு போகுது, அத ஆத்தா வளவு (வீட்டு நடு முற்றம்) கழுவ பிடிச்சு வச்சுக்கிறாக. கடைசி குழாய்ல இருக்க ரெசின் நீலம், கீழேர்ந்து பழுப்பா மாறிட்டே வரும், முழுசா மாறுறதுக்குள்ள புதுசு போடணும்.

வளவுல விழுற மழத்தண்ணிய அப்படியே ஊத்துன்னு சொன்ன அண்ணே, ஓட்டுத்தூசி, காக்கா எச்சம் எல்லாம் சேந்துல்ல வரும்? அதையும் ஃபில்டர்ல விட்டுத்தான் எடுக்கணும், ஆனா ரெசின் கூட நாளு தாங்கும்.

கடல் உப்பு கலந்து, தண்ணியோட ஒப்படர்த்தி (உப்பளவு காட்டுறது) 1.025ல ஓடிட்டிருக்கு. சைக்கிள் (கழிவு அம்மோனியாவ மாத்துற நல்ல பாக்டீரியா தொட்டில வளர்ற காலம்) முடியாம மீன் விடமாட்டேன்.