"அஞ்சு பாகம், டீச்சர்": வகுப்பறையில் நம்மை மாற்றிய ஒரு நாள்

பாம்பன் டீச்சர்
ஒன்பது வருடம் ஆகிவிட்டது, அந்தப் பையனின் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு, அளவைகள் பாடம். நங்கூரக் கயிறு ஒரு துண்டு கிடந்தது. "இது எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டேன். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத ஒருவன் எழுந்து வந்து, கயிற்றை எடுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்து, "அஞ்சு பாகம், டீச்சர்" என்றான். "பாகமெல்லாம் வேண்டாம், மீட்டர்ல சொல்லு" என்றேன். விரிந்த கை அப்படியே மெல்ல இறங்கியது. போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் மதுரைப் பக்கம் வளர்ந்தவள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், கடல் ஆழம், கயிறு எல்லாம் இங்கே பாகக் கணக்குதான் என்று சாயங்காலம் உடன் வேலை பார்க்கும் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் அவனிடம் கயிற்றைக் கொடுத்து, வீட்டில் அளந்து வரச் சொன்னேன். அப்பா அளந்தால் நாலு பாகம், இவன் அளந்தால் அஞ்சு. ஏன் என்று வகுப்பைக் கேட்டேன். "அவங்க அப்பா கை நீளம்" என்றாள் ஒரு பெண். "அப்ப கடையில யார் கையால அளப்பாங்க?" என்றான் இன்னொருவன். அதற்குப் பிறகுதான் மீட்டர் குச்சியை எடுத்தேன். ஆறு மீட்டர் அறுபது சென்டிமீட்டர்.

செயல்வழிக் கற்றல் பயிற்சிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பிள்ளைகளே எடுத்துப் படிக்கும் அட்டை, அவர்கள் படிப்படியாக ஏறும் ஏணிப்படி எல்லாம் அத்துப்படி. பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது என்ன என்பது அன்றுதான் புரிந்தது. ஆனால் அந்தப் பையன் அந்த வருடம் முழுக்கத் தானாக எழுந்து ஒரு பதிலும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வான், அவ்வளவுதான்.

தொண்டி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்
என்னுடையது இதைவிட மோசம். தொண்ணூறுகளில், வகுப்பில் தூங்கிய ஒருவனைப் பிரம்பால் அடித்தேன். கையை நீட்டினான். விரல் முழுக்க நண்டு கீறிய புண். விடிய விடிய அப்பாவோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்திருக்கிறான். அன்றோடு பிரம்பை விட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் அடிக்கக் கூடாது என்று சொன்னது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து.

ஆனால் டீச்சர் சொன்னதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஒரு கயிற்றுக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அது நடக்குமா? பத்தாம் வகுப்புத் தேர்வில் பாகம் கேட்க மாட்டார்கள். மீனவர் பிள்ளைக்குக் கடல் கணக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. வீட்டில் கிடைக்காததைத் தரத்தானே பள்ளிக்கூடம்? நேராக மீட்டரைச் சொல்லிக் கொடுத்து, நாலு கணக்கு அதிகமாகப் போட வைத்திருந்தால் அதுவும் அந்தப் பிள்ளைக்குச் செய்த நல்லதுதான்.

ஏர்வாடிப் பெண்
நான் டீச்சர் இல்லை, அப்படி ஒரு டீச்சரிடம் படித்தவள். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். தீவுப் பக்கம் படகு ஏறும் நாட்களில் தம்பியை நான்தான் பார்க்க வேண்டும், அதனால் பள்ளிக்கு வர மாட்டேன். டீச்சர் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "அவனையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார். தம்பி பாயில் தூங்குவான், நான் படிப்பேன்.

"என் அம்மாவின் வேலை" என்று எழுதச் சொன்னபோது, பாறை கிழிக்காமல் இருக்க அம்மா விரலில் துணி சுற்றுவதை எழுதினேன். டீச்சர் என் நோட்டை வாங்கி, எப்படிச் சுற்றுவார் என்று தன் விரலை நீட்டினார். தாவணித் துணியைக் கிழித்து அவருக்குச் சுற்றிவிட்டேன். வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. ஐயா, வீட்டில் கிடைப்பதைப் பள்ளியும் மதிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்களுக்குப் பள்ளியில் கால் நிற்கும்.

கீழக்கரை, இரண்டாம் வகுப்பு
அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது எனக்கு வேலை புதிது. கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தேன். ஒரு பையன் என் சேலையைப் பிடித்து, "டீச்சர், நான் எப்ப மலர் ஆவேன்?" என்றான். பதில் வரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிலையைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும். தமிழில் அரும்பாக இருக்கிறவன் கணக்கில் மலராக இருப்பான், ஆகவே பாடத்துக்குப் பாடம் குழுவை மாற்றுங்கள். வாரம் ஒருநாள் எல்லோரையும் கலந்து உட்கார வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைச் சின்ன வாத்தியாராக்கிவிடாதீர்கள், அவனுக்கும் படிக்க வேண்டியது இருக்கிறது. கேள்வி கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம்தான் அவசரப்பட்டு பதிலை உடைத்துவிடுகிறோம். பெற்றோர் கூட்டத்தை ஏப்ரல் 15-க்குப் பிறகு வையுங்கள். விசைப்படகுக்கு அறுபத்தொரு நாள் தடை தொடங்கிவிடும், அப்பாக்களும் வருவார்கள். நான் அப்படித்தான் முதல் முறையாக ஏழு அப்பாக்களைப் பார்த்தேன்.

பாம்பன் டீச்சர்
ஐயா, இரண்டு நாள் ஆனது உண்மை. ஆனால் மீட்டர் எதற்கு என்று அதன்பின் அந்த வகுப்பில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அவர்களே கேட்டு, அவர்களே கண்டுபிடித்தது அது. இரண்டு ஆசிரியர் பள்ளியின் கஷ்டம் எனக்கும் தெரியும், அதில் நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை.

கீழக்கரை டீச்சர், பத்து வரை எண்ணுவதை நாளையே செய்து பார்க்கிறேன். அன்று நான் மூன்று எண்ணியிருந்தாலே போதும்.

அடுத்த வாரம் திசைகள் பாடம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரை வைத்துத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். கச்சான் எந்த மூலையிலிருந்து அடிக்கும் என்பதில் பிள்ளைகளுக்குள்ளேயே இப்போது சண்டை. உங்கள் ஊர்ப் பக்கம் எப்படிச் சொல்வார்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.